சைலன்சருக்குப் பொட்டு வைத்தவள் எழுதுவது

கண்ணா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது, விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. அது வண்டலூர்ப் பக்கம் சின்னதாகிக் காணாமல் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். தாம்பரத்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. ஓசூரில் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் எழுதிவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டி வாங்கியிருப்பதாகக் கடைசியில் எழுதியிருந்தாய். இருபத்துமூன்று வயதில் உன் முதல் வண்டி. “சைலன்சரில் மட்டும் லேசாகத் துரு இருக்கிறது. நீங்கள்தான் அதில் எக்ஸ்பர்ட் ஆச்சே, என்ன செய்யணும் என்று எழுதுங்கள். நான் கை வைக்க மாட்டேன், மெக்கானிக்கை விட்டே கழுவிக்கொள்கிறேன். என் கைராசிதான் உங்களுக்குத் தெரியுமே” என்று ஒரு வரி.

நான் சிரிக்கட்டும் என்றுதான் நீ அதை எழுதியிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கேட்டதற்கும் பதில் எழுதுகிறேன், கேட்காததற்கும் எழுதுகிறேன். கேட்காததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் துரு, எண்ணெய் என்று சுற்றி வளைத்துக்கொண்டே கடிதத்தை முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அக்காவின் இன்டர்வியூ அன்று வண்டி பாதி வழியில் நின்றதற்கு நீ காரணமில்லை. முதல்நாள் சாயங்காலம் நீ அதைக் கழுவினாயே, அதனால் ஒன்றுமே ஆகவில்லை. காரணம் நான். இதை எழுதுவதற்கு எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு நான்கு வயது. அப்பா அதைத் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டுதான் வந்தார். வாங்கிவிட்டாரே தவிர, ஓட்டத் தெரியாது. ஆபீஸ் நண்பர் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்து முனையில் விட்டுவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். அப்போது நம் காலனியில் மொத்தம் பதினோரு வீடு, மீதியெல்லாம் கல் நட்ட மனை. மாடு மேயும். மழை பெய்தால் ஏரித் தண்ணீர் ரோடு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த வெட்டவெளியில் சாயங்கால வெயில் பட்டு, அந்தச் சைலன்சர் நீளமாக மின்னியது. எதிர்வீடு, வேப்பமரம், அக்காவின் ரிப்பன் எல்லாம் வளைந்து வளைந்து அதில் தெரிந்தன. நீ குப்புறப் படுத்து உன் மூக்கை அதில் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது வாகனம் மாதிரியே தெரியவில்லை. யாரோ பெரிய விருந்தாளி வந்து வாசலில் நிற்பது போலத்தான் இருந்தது.

வந்த விருந்தாளிக்கு நான் செய்த மரியாதையைச் சொல்கிறேன். ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குழைத்து, மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன். முன்விளக்கில் ஒன்று, டேங்கில் ஒன்று. மூன்றாவது சைலன்சரின் வால்பக்கம். அங்கே ஒரு ஸ்க்ரூ இருக்கும், உன் வண்டியிலும் இருக்கும், குனிந்து பார். உள்ளே சத்தத்தை அடக்குகிற சின்ன உள்பைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அது எனக்கு அப்போது தெரியாது. அந்த ஸ்க்ரூவின் தலை வட்டமாக, பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்தது மாதிரி இருந்தது. அதன்மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பார்க்க நன்றாக இருந்ததால் ஆயுதபூஜையோடு நிறுத்தாமல் வெள்ளிக்கிழமை தோறும் வைக்க ஆரம்பித்தேன். அப்பா வாரத்துக்கு மூன்று நாள் வண்டியைத் துடைப்பார், ஆனால் பொட்டைச் சுற்றி மட்டும் துணியை வளைத்துக்கொண்டு போவார். “வெச்ச பொட்டை அழிக்கறது நல்லாவா இருக்கும்?” என்பார். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு ஏறி, அது சின்ன மலை மாதிரி ஆகிவிட்டது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். நம் போர்வெல் தண்ணீர் உனக்குத் தெரியும். குடத்தில் ஒரு வாரம் வைத்தால் உள்ளே வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாயில் வைத்தால் உப்பு. குடிக்க நல்ல தண்ணீர் எடுக்க நான் தினமும் இரண்டு தெரு நடந்தேன். வண்டிக்கு மட்டும் உப்புத் தண்ணீர் போதும் என்று நினைத்தோம். கழுவினால் சுத்தம், சுத்தமாக இருந்தால் துரு வராது என்பது எங்கள் கணக்கு. கழுவிய தண்ணீர் காய்ந்தபின் உப்பு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும் என்று யார் கண்டார்கள்? பொட்டுக்கு அடியில் அது எப்போதுமே ஈரமாக இருந்திருக்கிறது. ஆகவே நீ செய்யவேண்டிய முதல் காரியம் இது. நல்ல தண்ணீரில் கழுவு. கிடைக்காவிட்டால் கழுவவே வேண்டாம், உலர்ந்த துணியால் துடை, போதும். மழையில் நனைந்து வந்த அன்று சேற்றை மட்டும் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடை. சைலன்சர் சூடாக இருக்கும்போது மாத்திரம் தண்ணீர் படவே கூடாது. காய்ந்துகொண்டிருக்கிற தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எப்படிச் சீறும், அப்படிச் சீறும். நிக்கல் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். புறங்கையை வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஆறட்டும். அதுவரை ஒரு காபி குடி.

இப்படி ஐந்தாறு வருஷம் போனது. அந்த வருஷங்கள் எனக்கு இப்போது ஒரே ஒரு நீளமான சாயங்காலமாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. ரயில்வே கேட் தாண்டும்போதே வண்டிச் சத்தம் எனக்குக் கேட்டுவிடும். அடுப்பில் பாலை ஏற்றுவேன். நீலமாக ஒரு புகை முதலில் தெருவுக்குள் வரும், பின்னால் அப்பா வருவார். அந்த ஆயில் புகையின் வாசனை எனக்குப் பிடிக்கும். சொன்னால் சிரிப்பாய், மல்லிகைப்பூவுக்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்த வாசனை அதுதான். பெட்ரோல் பங்க்கில் டேங்கில் ஆயிலை ஊற்றிக் கலப்பார்கள். சொன்ன அளவுக்கு மேலே அப்பா எப்போதும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றச் சொல்வார். இன்ஜினுக்கு நல்லது என்று அவருக்கு நினைப்பு. அந்தக் கூடுதல் ஆயில் எரியாமல் கரியாகி சைலன்சருக்குள்ளேதான் போய்ப் படியும். உன் வண்டியும் ஆயில் கலந்து ஓடுகிற வகைதான் என்று எழுதியிருக்கிறாய். புத்தகத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே ஊற்று. பாசத்தினால் கூட ஊற்றாதே.

அக்கா பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாசம், ஒருநாள் அப்பா ஆபீஸிலிருந்து வந்தபோது எனக்குச் சத்தம் அடையாளம் தெரியவில்லை. லாரி ஏதோ தெருவுக்குள் வந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தேன். நான் பொட்டு வைத்த ஸ்க்ரூ துருவில் கரைந்து, தலை உடைந்து, அதை நம்பியிருந்த உள்பைப் ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கேயோ விழுந்துவிட்டது. மூன்று தெருவுக்கு வண்டி முழங்கியது. எதிர்வீட்டு டீச்சர், “சார் வர்றது பெருங்களத்தூர்லேயே கேக்குதுங்க” என்று சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள். அப்பா “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்றார். அவருக்கு எல்லாமே அடுத்த மாசம்தான்.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மெக்கானிக் ரங்கனின் கடை. ஒருநாள் நானே நின்று கேட்டேன். உள்பைப் கிடைக்க நாளாகும் என்றான். அதுவரை சத்தத்துக்கு வழியில்லையா என்றேன். “கம்பி நாரு வெச்சு அடச்சா சத்தம் அடங்கும்மா. ஆனா அதெல்லாம் வேலைக்கு ஆவாது, இஞ்சினு மூச்சு வுட முடியாம பூடும்” என்றான். நான் முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று மத்தியானம் வீடே தூங்கியது. கடல்காற்று உள்ளே வர ஆரம்பிக்கிற நேரம், ஜன்னல் திரை மெதுவாக மூச்சு விட்டது. அப்பா அன்று ஸ்டேஷனுக்கு நடந்தே போயிருந்தார், வண்டி நிழலில் நின்றது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார், புதுசாக மூன்று எடுத்தேன். பிய்ந்து போகாமலிருக்க, அலமாரியில் கிடந்த மெல்லிசான செப்புக் கம்பியால் அதைச் சுற்றிக் கட்டினேன். கரண்டிக் காம்பால் சைலன்சருக்குள் தள்ளினேன். கை முழுக்கக் கரி. யாரும் பார்க்கவில்லை. எனக்கு என்ன சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஒரு ஆண்பிள்ளை வேலையை ஒருத்தருக்கும் தெரியாமல் முடித்துவிட்ட சந்தோஷம். மறுநாள் அப்பா கிளப்பியபோது சத்தம் பாதியாகக் குறைந்தது. “பாத்தியா, ஓடி ஓடி தானாவே சரியாயிடுச்சு” என்றார். நான் முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். சொல்லியிருக்கலாம். ரகசியமாக வைத்துக்கொள்வது ருசியாக இருந்தது, அதனால் சொல்லவில்லை.

இரண்டு மாசத்தில் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. அப்பா இன்னும் கொஞ்சம் ஆயில் ஊற்றினார். அந்த ஆயிலையும் கரியையும் கம்பி நார் பிடித்துவைத்துக்கொண்டு, தானும் துருப்பிடித்துக் கட்டியாகிக்கொண்டிருந்தது. கடைக்கும் ஸ்டேஷனுக்கும் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சைலன்சர் முழுக்கச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம் அல்லவா, உள்ளே வேர்க்கிற தண்ணீர் ஆவியாகப் போகாமல் அங்கேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். நீ ஃபேக்டரிக்கும் ரூமுக்கும் மட்டும் போய் வருகிறவனாக இருந்தால், வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம் எங்கேயாவது போ. காரணமே வேண்டாம். ஏரிக்கரை இருந்தால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வா.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இன்டர்வியூ கார்டு வந்திருந்தது. படப்பை தாண்டி, காலை ஒன்பது மணிக்கு. அந்தப் பக்கம் ரயில் கிடையாது, பஸ்ஸும் எப்போதோ ஒன்று. அப்பா வண்டியில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. முதல்நாள் சாயங்காலம் நீ யாரும் சொல்லாமலே வண்டியைக் கழுவினாய். பத்து வயது. அரைக்கால் சட்டை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அப்பாவின் பழைய பனியனால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தாய். தும்பிகள் தாழப் பறந்துகொண்டிருந்தன. ஒன்று வந்து ஹேண்டில்பாரில் உட்கார்ந்தபோது, அது எழுந்து போகும்வரை நீ துடைக்காமல் காத்திருந்தாய். “அக்கா, நாளைக்கு நீ டீச்சரா வரும்போது இந்தக் கண்ணாடியில உன்னையே பாத்துக்கலாம்” என்றாய். அவள் உன் தலையில் தட்டிவிட்டுப் போனாள். எனக்கு வாழ்நாளில் மறுபடி ஒரு சாயங்காலம் தருவதாக யாராவது சொன்னால், அதைத்தான் கேட்பேன்.

காலையில் ஏழரைக்குக் கிளம்பினார்கள். மத்தியானம் ஒன்றரை மணிக்கு அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். பின்னால் அக்கா, செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தாள். புடவைக் கரை முழுக்கப் புழுதி. முடிச்சூர் தாண்டி மண்ணிவாக்கம் பக்கத்தில் வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது. உதைத்து உதைத்து அப்பாவின் கால் வீங்கியதுதான் மிச்சம். டீக்கடை வாசலில் அதை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அவள் பேரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, அடுத்தவளை உள்ளே அழைத்துக்கொண்டார்களாம். திரும்பி டீக்கடை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து வீடு வரை இருவரும் நடந்தே வந்திருக்கிறார்கள்.

நீ ஸ்கூல் விட்டு வந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் “அக்கா, கிடைச்சுதா?” என்று ஓடினாய். அப்பா தன் திண்டாட்டத்தையெல்லாம் உன்மேல் கொட்டினார். “நேத்து எவன்டா உன்னை வண்டிய கழுவச் சொன்னது? சைலன்சர்ல தண்ணிய ஏத்தி வெச்சுட்டியேடா!” என்று கத்தினார். அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, “உன் கை பட்டதெல்லாம் இப்படித்தான்டா விளங்கும்” என்றாள். நீ அழவில்லை. உள்ளங்கை இரண்டையும் திருப்பிப் பார்த்தாய். அப்புறம் சட்டையில் துடைத்துக்கொண்டாய்.

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து “நான்தான்” என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மட்டும் தைரியம் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். எல்லாம் அடுத்த மாசம் என்று அப்பாவைக் கேலி செய்கிறேனே, நான் பதின்மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கட்டும் என்று மனசு ஏங்கியது. ஒருவேளை தண்ணீராகவே இருந்தால்? ஒரு வாரம் கழித்து ரங்கனிடம் போய்க் கேட்டேன். “தண்ணியா? யாருமா சொன்னது? தண்ணி ஏறிக்கீதுன்னா வண்டி தெருமுனைய தாண்டிருக்காதே. உள்ள எவனோ நார வெச்சு அடச்சுக்கீறான்மா. கல்லு மாரி இறுகிக்கினு கீது, உளி வெச்சு உடச்சு எடுத்தேன்” என்றான். சாரிடம் சொன்னாயா என்றேன். “சார் ஒன்னியும் கேக்கல. புது சைலன்சர மாட்டிக் குடுத்தேன், எடுத்துகினு பூட்டாரு” என்றான். அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் எக்ஸ்பர்ட் ஆனேன். சனிக்கிழமை தோறும் புதுச் சைலன்சரோடு உட்கார்ந்தேன். அப்பாவை அண்டவிடவில்லை. ரங்கனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். மேலோட்டமான துருவுக்கு சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் வெள்ளித்தாள் போதும், அதைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் துரு வந்துவிடும், பூச்சில் கீறல் விழாது. பெட்டிக்கடைக்காரர் எனக்காகவே அதைச் சேர்த்துவைப்பார், இந்த அம்மா எதற்குச் சிகரெட் தாள் கேட்கிறாள் என்று என்ன நினைத்தாரோ. உப்புத்தாளும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்துவிடாதே. மூன்று மாசத்துக்கு ஒருமுறை உள்பைப்பைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எடு. மாட்டும்போது ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவு, அடுத்த தடவை கழற்ற வரும். வண்டி சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதே. புல்லிலும் ஈரமண்ணிலும் நிறுத்தாதே. லீவுக்கு வருகிறாய், வண்டி பத்து நாள் நிற்கப்போகிறது என்றால், ஆறிய சைலன்சரில் எண்ணெய் தொட்ட துணியால் ஒருதரம் தடவிவிட்டு வா, திரும்பிப் போய்த் துடைத்துவிட்டுக் கிளப்பு. மழைக்காலத்தில் சைலன்சர் வாய் முழுகுகிற தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் உதைக்காதே, தள்ளு. அப்பா ஆறு கிலோமீட்டர் தள்ளினார், நீ கொஞ்ச தூரம் தள்ளினால் தேய்ந்துவிட மாட்டாய்.

அந்தச் சைலன்சரைத் துருப்பிடிக்க விடாமல் பார்த்துக்கொண்டேன். உன்னைப் பார்க்கவில்லை. புது நோட்டு வாங்கினால் முதல் பக்கத்தில் பேர் எழுத அக்காவிடம் கொடுப்பாய். அவள் கையெழுத்து அழகு, அதனால் என்று நினைத்தேன். தீபாவளிக்குப் புஸ்வாணத்தை வாங்கி வரிசையாக வைத்துவிட்டு, பற்றவைக்க அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிடுவாய். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தேன். அக்கா கல்யாணத்தில் மாவிலைத் தோரணம் கட்டச் சொன்னபோது, “நான் வேண்டாம்மா, வேற யாரையாவது கட்டச் சொல்லு” என்று நழுவினாய். காலேஜுக்குக் காட்டாங்குளத்தூர் வரை நான்கு வருஷம் ரயிலில்தான் போனாய். நண்பர்கள் பைக் கொடுத்தாலும் தொட மாட்டாய் என்று உன் சிநேகிதன் சொன்னான். சிக்கனமான பிள்ளை என்று பெருமைப்பட்டேன். உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்தபோது, இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன.

புதன்கிழமை காலை காபி கொடுக்கும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அன்னைக்கு சாயங்காலமே தெரியும். ரங்கன் கடை வாசல்ல அந்த நாரு கெடந்துது. என் ரேடியோ காயில் கம்பிய சுத்தி யாரு கட்டியிருப்பா? நம்ம வீட்ல வேற யாரு இருக்கா?”

“அப்ப ஏங்க ஒண்ணும் சொல்லல?”

“பொண்ணு முன்னாடி உன்னைச் சொன்னா நீ தாங்க மாட்டே. அவன் சின்னப் பையன்தானே, நாலு நாள்ல மறந்துடுவான்னு விட்டுட்டேன்” என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே அது எப்படி இருக்கிறது என்று புரிந்துவிட்டது. காபி ஆறி ஆடை படிந்தது. அவரைக் காப்பாற்றுவதாக நான் நினைக்கவில்லை, என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். அவர் என்னைக் காப்பாற்றினார். இரண்டு பெரியவர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பாரத்தைக் கொண்டுபோய் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது கண்ணா. வேறு வார்த்தை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூடுவாஞ்சேரியிலிருந்து குழந்தையோடு வந்தாள். அவளிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். இழந்தது அவள்தானே. அவள் டீச்சராகியிருக்க வேண்டியவள், ஏதோ ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். “அதுக்கு நான் அப்பவே அழுது முடிச்சுட்டேன்மா” என்றாள். பிறகு நீ எழுதிய வரியைக் காட்டினேன். கையில் வாங்கிப் படித்தாள். “அவன் கையைப் பத்தி அப்படி நானா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா” என்றாள். அப்புறம்தான் அழுதாள். அவள் தனியாக உனக்கு எழுதுவாள், அது வந்தால் அவளிடம் கோபப்படாதே. கோபம் இருந்தால் எங்கள் இருவர்மேல் படு. எதிர்வீட்டுக்கு ஃபோன் செய்து எங்களைக் கூப்பிடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு. அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அதைக் கேட்பது உனக்கு இன்னொரு வேலை வைப்பதாகும். வேறு ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை மெக்கானிக்கிடம் விடாதே. சைலன்சரை ஆறவிடு. ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்துக்கொள். நீயே கழுவு, நீயே துருவைத் தேய், உள்பைப்பை நீயே கழற்றி மாட்டு, நீயே முதல் உதையில் கிளப்பு. முடித்ததும் உள்ளங்கை இரண்டிலும் கரி இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். அந்தக் கையில் எப்போதும் அதற்குமேல் எதுவும் இருந்ததில்லை.

அம்மா